மாடல் ரயில் லேஅவுட்டில் ஒரு சிமெண்ட் ஆலை சைடிங்: முதல்முறை செய்பவர்களுக்கு

திருச்சி–விழுப்புரம் கார்டு லைனில் போனவர்களுக்கு டால்மியாபுரமும் அரியலூரும் பழக்கமான ஊர்கள். நிலத்துக்கடியில் சுண்ணாம்புக்கல் இருப்பதால் 1939-லிருந்தே அந்தப் பக்கம் சிமெண்ட் ஆலை உண்டு. அப்படி ஒரு ஆலையின் சைடிங்கை (மெயின் லைனிலிருந்து பிரிந்து ஆலைக்குள் போகும் தண்டவாளத்தை) 120 × 40 செ.மீ. பலகையில், ஹெச்ஓ அளவில் (1:87, அதாவது நிஜத்தின் 87-ல் ஒரு பங்கு) செய்வோம்.

1. சரக்கு போகும் வழியை வரையுங்கள்

கட்டடம் வாங்க ஓடாதீர்கள். எது உள்ளே வருகிறது, எது வெளியே போகிறது என்று முதலில் ஒரு தாளில் அம்புக்குறி போடுங்கள். சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் பக்கத்துச் சுரங்கத்திலிருந்தே வந்துவிடும், அதற்கு ரயில் வேண்டாம். நிலக்கரி பாக்ஸ்என் எனும் மேல்திறந்த வேகனில் வரும். சிமெண்ட் மூட்டை மூடிய வேகனில் போகும். ஆக இரண்டு தண்டவாளம், ஒன்றிலிருந்து மற்றதுக்கு வண்டியைத் திருப்பும் ஒரு பாயிண்ட். இடப்பக்கம் கரி, வலப்பக்கம் சிமெண்ட். கடைசியில் அழுக்கு பூசும்போது இந்தத் தாள்தான் வழிகாட்டி, தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

2. தண்டவாளம்

மூட்டை ஏற்றும் பிசிஎன்ஹெச்எல் வேகன் சுமார் 11 மீட்டர் நீளம். நம் அளவில் 12.6 செ.மீ. முழு ரேக்குக்கு (ஒரு முழு சரக்கு ரயிலுக்கு) 58 வேகன், அதாவது ஏழு மீட்டருக்கு மேல்! ஐந்து வேகன் போதும். நம் அகலப் பாதையை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வரும், கடையில் கிடைக்கும் ஹெச்ஓ தண்டவாளமோ 16.5 மி.மீ. அந்தக் கவலை இப்போதைக்கு வேண்டாம். கரி லைனின் கோடியில், பின்சுவரில் ஒரு பெரிய வாசல் மட்டும் வெட்டி விடுங்கள். வேகன் அதற்குள் போய் மறைந்தால், உள்ளே டிப்ளர் (வேகனைக் கவிழ்த்துக் கரியைக் கொட்டும் இயந்திரம்) இருப்பதாகப் பார்ப்பவரே நினைத்துக்கொள்வார்.

ஜல்லியைப் பரப்பி, ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு ஊற்றுங்கள். பாயிண்டின் அசையும் பாகத்தில் மட்டும் பசை படக் கூடாது.

3. கட்டடங்கள்

ஆலையின் உயரமான ப்ரீஹீட்டர் கோபுரத்தை (சூளைக்குப் போகும் முன் மூலப்பொருளைச் சூடாக்கும் கோபுரம்) செய்யப் பார்க்காதீர்கள். 100 மீட்டர் கோபுரம் என்றால் நம் அளவில் 115 செ.மீ.; பலகையின் நீளமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதைப் பின்திரையில் மங்கலாக வரைந்தால் போதும்.

சிமெண்டைச் சேமிக்கும் உருளைத் தொட்டியான சைலோவுக்கு ஹார்டுவேர் கடை 110 மி.மீ. பிவிசி பைப் கச்சிதம். அது ஒன்பதரை மீட்டர் விட்டமுள்ள சைலோவுக்குச் சமம். நிஜத்தில் 40, 50 மீட்டர் உயரம் இருக்கும். கணக்குப்படி அரை மீட்டர் வரும். நீங்கள் 35 செ.மீ.-ல் நிறுத்துங்கள், கண்ணுக்கு உறுத்தாது. பைப்பை எமரி தாளால் தேய்க்காமல் பெயிண்ட் அடித்தால் உரிந்துவிடும்.

பக்கத்தில் சன் போர்டில் பேக்கிங் கூடம். சைலோவுக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு குழாயோ பெல்ட் பாலமோ கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் மூட்டைக்குள் சிமெண்ட் எப்படி வந்தது? கூரைக்கு அட்டைப்பெட்டியின் நெளிவைப் பலர் ஒட்டுகிறார்கள். இந்த அளவுக்கு அது ரொம்பப் பெரிது. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் அலைக்கு அலை 146 மி.மீ. ஆகவே மெல்லிய அட்டையில் 1.7 மி.மீ. இடைவெளியில் மை தீர்ந்த பேனாவால் கோடு அழுத்துங்கள். பொறுமை வேண்டும், பலனும் தெரியும்.

மூட்டை ஏற்றும் மேடை வேகனின் தரை மட்டத்துக்கு இருக்கட்டும். ஒட்டும் முன் உங்களிடம் உள்ளதிலேயே அகலமான வண்டியை ஓட்டி, உரசுகிறதா என்று பாருங்கள்.

4. மூட்டை, ஆள், லாரி

எம்-சீலைத் தட்டி 8 × 5 மி.மீ. துண்டுகளாக வெட்டினால் 50 கிலோ மூட்டை தயார். மேடையில் ஒழுங்காக அடுக்கியது கொஞ்சம், கிழிந்து கொட்டியது ஒன்று. ஆட்களை எல்லா இடத்திலும் தூவாதீர்கள். வேகன் கதவருகே நான்கு பேர், தார்ப்பாய் கட்டும் லாரியில் ஒருவர், அவ்வளவுதான்.

5. தூசி

ஆலை உயிர் பெறுவது இங்கேதான். நிஜ சிமெண்ட்டைத் தூவலாமே என்று தோன்றும், வேண்டாம்! ஈரம் பட்டால் இறுகும், எஞ்சின் பற்சக்கரத்திலும் புகும். சாம்பல் நிற சாக்பீஸைத் தேய்த்த பொடி போதும்.

இப்போது முதல் தாளை எடுங்கள். சிமெண்ட் போகும் வழி நெடுக, கூரை, மேடை, குழாயின் மேல்பக்கம் எனப் படுக்கையாக உள்ள எல்லாவற்றிலும் பொடி கனமாக இருக்கட்டும். சுவரில் மழை வழிந்த தடம்போல மேலிருந்து கீழாக மட்டும் தூரிகையை இழுங்கள். வேலியோரச் சீமைக்கருவேலம் பச்சையாக நிற்கக் கூடாது, அதன் மேலும் சாம்பல் படியட்டும். கரிப் பக்கத்துக்கு அடுப்புக்கரியை நசுக்கிச் சலித்த தூள். இரண்டு நிறமும் பாயிண்ட் அருகில் மட்டும் கலக்கலாம். அப்புறம் எல்லாவற்றின் மேலும் மேட் வார்னிஷ் (பளபளக்காத வார்னிஷ்) தெளித்து, பொடி உதிராமல் பிடித்து வையுங்கள். தெளித்தால் பொடி கொஞ்சம் மங்கும், அதனால் முன்கூட்டியே ஒரு கை கூடுதலாகப் பூசிக்கொள்ளுங்கள்.

வார்னிஷ் காய ஒரு நாள் விட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் தண்டவாளத்தின் மேல்பக்கத்தைத் துடையுங்கள். துணியில் கருப்பு வருவது நிற்கும்வரை துடைத்துவிட்டு எஞ்சினை வையுங்கள்.