வளைந்த தெருவும் பழைய இட்டேரியும்: நில வரைபடங்களைக் கொண்டு ஊர் வரலாறு தேடும் முறை

கொங்கு ஊர்களில் நேராகச் செல்லும் தெரு ஒன்று நடுவில் காரணமின்றி வளைந்தால், அது ஒரு காலத்தில் இட்டேரியாக இருந்ததா என்று பார்க்க வேண்டும். இரு தோட்டங்களின் கிளுவை வேலிகளுக்கு நடுவே மாடும் வண்டியும் சென்ற அந்தத் தடம், தோட்டங்கள் மனைகளான பின்னும் தன் வளைவை விடாமல் தெருவாகியிருக்கலாம். கோவை ஆர்.எஸ்.புரத்தில் இதைத் தேடிப் பயனில்லை. அது கோடு போட்டுத் திட்டமிட்ட விரிவாக்கம். ஊர் முழுவதையும் எடுத்துக்கொள்ளாமல் ஒரே ஒரு தெருவில் தொடங்குங்கள்.

இந்திய நில அளவைத் துறையின், ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் பழைய தாள்களில் குளம், பள்ளம், வண்டித்தடம், இருப்புப்பாதை ஆகியவை தெரியும். தெருக்கள் தெளிவாகக் கிடைக்கா. கோவை ரயில் நிலையத்துக்குச் சற்று வடக்கே 11 டிகிரி அட்சரேகை செல்வதால், நகரம் 58ஏ/16, 58பி/13 என்ற எண்ணுள்ள இரு தாள்களாகப் பிரிந்துவிடும். 77 டிகிரி தீர்க்கரேகைக்குக் கிழக்கே உள்ள சிங்காநல்லூர் அதற்கும் அடுத்த தாள்களுக்குப் போய்விடும். முதல் தாளை மட்டும் விரித்து வைத்துக்கொண்டு உக்கடத்தைத் தேடிய அனுபவம் எனக்கு உண்டு.

தெருவுக்கு உதவுபவை கிராம வரைபடமும் நகர அளவை வரைபடமும்தான். ஒரு மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் வரைந்த கிராம வரைபடத்தில் ஓர் அங்குலம் 330 அடி என்பதால், கிணறும் வாய்க்காலும் கூடத் துல்லியமாக நிற்கும். ஆனால் வீடுகள் இருந்த நத்தம் பழைய கிராம வரைபடத்தில் பெரும்பாலும் உட்பிரிவில்லாத ஒரே துண்டாக இருக்கும். அங்கே சந்துகள் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நகரப் பகுதிக்கு வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர அளவை எண்) குறித்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்திலோ, சென்னை சேப்பாக்கத்தில் உள்ள மத்திய நில அளவை அலுவலகத்திலோ கேட்கலாம். பழைய பதிவேடுகளுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது.

தாள் கைக்கு வந்ததும் ஓரக்குறிப்பைப் படியுங்கள். அளந்த ஆண்டு வேறு, அச்சிட்ட ஆண்டு வேறு. பின்னால் வந்த சாலையை மட்டும் சேர்த்துவிட்டு மற்றதைப் பழையபடியே விட்டிருக்கவும் கூடும். மறு அளவையில் புல எண்கள் மாறியிருந்தால், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடும் பட்டியல் இல்லாமல் மேலே போக முடியாது.

அதன்பின் குடும்பத்தில் உள்ள மூலப்பத்திரத்தை எடுத்து, நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியைப் படியுங்கள். 'இட்டேரிக்கு மேற்கு, வாய்க்காலுக்குத் தெற்கு' என்று அதில் எழுதியிருந்தால், வரைபடத்தில் பெயரில்லாமல் கிடக்கும் இரட்டைக் கோட்டுக்குப் பெயர் கிடைத்துவிடும். என்னைக் கேட்டால், இந்த வேலையில் இதற்கு இணையான இன்பம் வேறு இல்லை.

கணினியில் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் கொண்டு பழைய தாளை இன்றைய படத்தின் மேல் பொருத்துவதானால், பழைய கோயில், ரயில் பாலம், எல்லைக்கல் போன்ற இடம் மாறாதவற்றை நான்கு மூலைகளிலும் பரவலாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரவுண்டானாவும் ஆற்று வளைவும் ஆகா.

கடைசியாக, வரைபடத்தின் பிரதியோடு தெருவில் நடங்கள். பெரியவர்களிடம் "இங்கே குளம் இருந்ததுங்களா?" என்று கேட்டால் தலையாட்டலோடு முடிந்துவிடும், "ஏனுங்க ஐயா, அப்பவெல்லாம் மாட்டை எங்கீங்க தண்ணிக்கு ஓட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்டால் கை நீட்டி வழி காட்டுவார்கள். அந்தத் திசையைப் பென்சிலால் பிரதியில் குறித்து, சொன்னவரின் வயதையும் தேதியையும் ஓரத்தில் எழுதி வையுங்கள்.