மெடிகேர் பிளான் மாற்றும் பருவம்: அப்பா அம்மாவுக்கு எடுக்கும்போது எங்கே சறுக்குகிறது?

அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் பிளானை மாற்றிக்கொள்ள ஆண்டுதோறும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை நேரம் உண்டு. மாற்றியது ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வரும். அந்த ஏழரை வாரமும் டிவியிலும் தபாலிலும் போனிலும் 'ஜீரோ பிரீமியம்' என்ற கூவல்தான். பெற்றோருக்காகப் பிளான் பார்க்கும் பிள்ளைகள் முதலில் ஏமாறுவதும் அதில்தான்.

ஜீரோ என்பது அட்வான்டேஜ் பிளானின், அதாவது தனியார் கம்பெனி நடத்தும் மெடிகேர் பிளானின், பிரீமியம் மட்டும். டாக்டர் செலவுக்கான பார்ட் பி பிரீமியம் எப்போதும்போல் போய்க்கொண்டே இருக்கும். 2026-ல் அது ஆளுக்கு மாதம் 202.90 டாலர். பிளானின் விவரத் தாளில் முதலில் தேட வேண்டியது, வருடத்துக்கு அதிகபட்சம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்ற எண்ணை. பிளானோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர், ஆஸ்பத்திரிகளுக்கு (நெட்வொர்க்) மட்டும் போனாலே 2026-ல் அது 9,250 டாலர் வரை இருக்கலாம். மருந்துச் செலவு அதில் சேராது. பிளானுக்குப் பிளான் இந்த எண் ஆயிரக்கணக்கில் மாறும் என்பதால், ஆஸ்பத்திரியில் படுக்கும் வருடத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்னொன்று: மெடிகேரில் குடும்ப பிளான் கிடையாது. அப்பாவுக்குப் பொருந்தியது அம்மாவின் மருந்துக்கும் டாக்டருக்கும் பொருந்த வேண்டும் என்றில்லை. இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

இருக்கிற பிளானே போதும் என்று விட்டுவிடுவதும் தவறுதான். அடுத்த ஆண்டு என்னென்ன மாறுகிறது என்று பிளான் அனுப்பும் கடிதம் செப்டம்பர் 30-க்குள் வந்துவிடும். விளம்பரத்தோடு விளம்பரமாக அது குப்பைக்குப் போய்விடுகிறது. அதில் கோபே (ஒவ்வொரு முறையும் நாம் கட்டும் பங்கு), டிடக்டிபிள் (பிளான் கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்டும் தொகை), மருந்துப் பட்டியல் என்ற மூன்றை மட்டுமாவது படியுங்கள்.

மருந்தைப் 'பெயரளவில்' பார்ப்பது

மெடிகேர் இணையதளத்தில் ஜிப் கோடு, மருந்துகள், மருந்துக்கடை எல்லாம் கொடுத்தால், முழு ஆண்டுச் செலவின்படி பிளான்களை வரிசைப்படுத்திக் காட்டும். மருந்தை உள்ளிடும்போது பாட்டிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் சகஜமான சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் இஆர் 500-ஐயே எடுத்துக்கொள்வோம். அந்தப் பெயரில் வெவ்வேறு வகை மாத்திரைகள் உண்டு. குளுக்கோபாஜ் எக்ஸ்ஆர் என்ற பிராண்டின் ஜெனரிக் (பிராண்ட் பெயர் இல்லாத அதே மருந்து) மலிவு. ஃபோர்டமெட், குளுமெட்ஸா இவற்றின் ஜெனரிக் பல மடங்கு விலை. பல பிளான்களின் பட்டியலிலேயே இருக்காது. தவறான வரியைக் கிளிக் செய்தால் முழுக் கணக்கும் தப்பு. மருந்தின் எதிரே முன் அனுமதி வேண்டும், முதலில் மலிவான மருந்தை முயல வேண்டும், மாதத்துக்கு இத்தனைதான் என்ற குறிகள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2026-ல் மெடிகேரின் மருந்துக் காப்பீடான பார்ட் டி-யில் மருந்துக்குக் கையிலிருந்து கட்டும் தொகை 2,100 டாலரோடு நின்றுவிடும். பட்டியலில் இல்லாத மருந்துக்கும் பிரீமியத்துக்கும் இந்த வரம்பு பொருந்தாது. டிடக்டிபிள் 615 டாலர் வரை இருக்கலாம். அது இருக்கும் பிளானில் ஜனவரி மாத பில்லைப் பார்த்து அதிர்ச்சியடைய வேண்டாம்.

'ஊரிலிருந்து மாத்திரை கொண்டுவருகிறோம், பார்ட் டி எதற்கு?' என்று தள்ளிப்போடுபவர்கள் உண்டு. சமமான வேறு மருந்துக் காப்பீடு இல்லாமல் தொடர்ந்து 63 நாள் போனால், விட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் தேசிய அடிப்படை பிரீமியத்தில் 1 சதவீதம் அபராதம். பார்ட் டி இருக்கும்வரை அது கூடவே வரும். மருந்தே சாப்பிடாதவருக்கும் கிடைப்பதில் மலிவான ஒரு பிளானைப் போட்டுவைப்பது நல்லது.

டாக்டர் நெட்வொர்க்கில் இருக்கிறாரா என்று கேட்கும்போது கம்பெனி பெயரைச் சொன்னால் 'ஆமாம்' என்றுதான் பதில் வரும். ஒரே கம்பெனிக்கு ஒரே ஊரில் பல பிளான்கள். பிளானின் முழுப் பெயரையும் ஆண்டையும் சொல்லி பில்லிங் ஆட்களிடம் கேளுங்கள்.

மெடிகேப்பை விடுவது

எல்லாத் தவறிலும் இதுதான் ஆபத்து, ஏனென்றால் திரும்பி வர வழி குறைவு. அரசே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேரில் பார்ட் பி செலவில் 20 சதவீதம் நம் தலையில் விழும். அதற்கு உச்சவரம்பே இல்லை. மெடிகேப் என்ற தனியார் துணைப் பாலிசி அந்த ஓட்டையை அடைக்கிறது. 65 வயதாகி பார்ட் பி தொடங்கிய 6 மாதத்துக்குள் கேட்டால், உடம்பைப் பற்றி விசாரிக்காமல் கொடுத்தாக வேண்டும். அதன்பின் பெரும்பாலான மாநிலங்களில் நோய்களைக் கேட்டுவிட்டு மறுக்கலாம். அக்டோபர்–டிசம்பர் பருவம் மெடிகேப்புக்குப் பொருந்தாது. ஆகவே பல் வைத்தியமும் ஜிம்மும் இலவசம் என்று அட்வான்டேஜுக்குத் தாவியவர், நாலு வருடம் கழித்து இதய நோயோடு ஒரிஜினல் மெடிகேருக்குத் திரும்பலாம். ஆனால் மெடிகேப் கிடைக்காமல் போகலாம். முதல்முறை மாறியவர் 12 மாதத்துக்குள் திரும்பினால் பழைய பாலிசியை, அது இன்னும் விற்பனையில் இருந்தால், கேட்டு வாங்க முடியும். நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்களில் ஆண்டு முழுவதும் கதவு திறந்திருக்கும்.

ஆறு மாதம் சென்னை, ஆறு மாதம் டல்லாஸ்

சென்னை ஆஸ்பத்திரி பில்லை ஒரிஜினல் மெடிகேர் கொடுக்காது. மெடிகேப்பின் 'ஜி', 'என்' போன்ற வகைகளில் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு இடம் உண்டு: பயணத்தின் முதல் 60 நாளுக்குள் தொடங்கினால், 250 டாலர் கழித்து 80 சதவீதம், வாழ்நாளுக்கு 50,000 டாலர் வரை. நீண்ட நாள் தங்குபவர்கள் தனியாகப் பயணக் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும். அட்வான்டேஜில் இன்னொரு சிக்கல். பெரும்பாலான பிளான்கள், தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் தங்கள் பகுதியில் இல்லாதவரை நீக்கிவிடும். ஊருக்குப் போகிறோம் என்று பார்ட் பி-யை நிறுத்துவது அதைவிட மோசம். விட்ட ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பிரீமியம் 10 சதவீதம் ஏறும், இறங்காது.

கிரீன் கார்டில் வந்த பெற்றோர் 65 வயதும் 5 ஆண்டு தொடர் வசிப்பும் ஆனபின் மெடிகேரில் சேரலாம். ஆஸ்பத்திரிச் செலவுக்கான பார்ட் ஏ இலவசமாக வேண்டுமானால் அவரோ துணைவரோ இங்கே 40 காலாண்டு வேலை பார்த்து வரி கட்டியிருக்க வேண்டும். மகனோ மகளோ கட்டிய வரி கணக்கில் வராது. அவரோ துணைவரோ 30 காலாண்டுகூட வேலை பார்க்காதிருந்தால், 2026-ல் பார்ட் ஏ-க்கு மாதம் 565 டாலர். முதன்முதலாகச் சேர அக்டோபர் வரை காத்திருக்கக் கூடாது. தகுதி வந்த மாதத்தை ஒட்டிய தொடக்கக் கெடுவைத் தவறவிட்டால், அடுத்து ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரைதான். விண்ணப்பம் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில்.

ஒரு பொறி பலருக்குத் தெரியாது. நெட்வொர்க் முறையில் நடக்கும் அட்வான்டேஜ் வகைகளான ஹெச்எம்ஓ-விலோ பிபிஓ-விலோ இருப்பவர் தனியாக ஒரு பார்ட் டி எடுத்தால், அட்வான்டேஜ் பிளானே தானாக ரத்தாகிவிடும். புதிய பிளானில் சேர்ந்தாலே பழையது கழன்றுகொள்ளும், ரத்துக் கடிதம் தேவையில்லை. மெடிகேப்பை மட்டும் நீங்களே எழுதி நிறுத்த வேண்டும். அதுவும் புதியது உறுதியான பிறகு.

ஏஜென்ட் தன்னிடம் உள்ள பிளான்களைத்தான் காட்டுவார். கமிஷன் இல்லாத ஆலோசனைக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் 'ஷிப்' (SHIP) என்ற மெடிகேர் ஆலோசனை மையம் உண்டு, இலவசம். நவம்பர் கடைசியில் அவர்களிடம் நேரம் கிடைப்பது கஷ்டம், அக்டோபரிலேயே வாங்கிவிடுங்கள். அட்வான்டேஜில் இருப்பவர், தவறான பிளானை எடுத்துவிட்டதாகத் தெரிந்தால் ஜனவரி 1 முதல் மார்ச் 31-க்குள் ஒரே ஒரு முறை மாற்றலாம். ஒரிஜினல் மெடிகேரோடு தனி பார்ட் டி வைத்திருப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை.