சர்வாதிகாரத்தில் பிழைத்தவர்களின் நூல்களை எப்படி வாசிப்பது?

நூலைக் கையில் எடுத்ததும், முன்னுரைக்கும் முன்பாக மூன்று ஆண்டுகளைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்: நடந்தது எப்போது, எழுதியது எப்போது, அச்சானது எப்போது. எதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இதுவே முதல் அளவுகோல்.

யூதப் பேராசிரியரான விக்டர் கிளெம்பெரர் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் நாஜி ஆட்சி முழுவதும் நாட்குறிப்பு எழுதினார். நாளை என்ன ஆகும் என்று தெரியாமல் எழுதியவை அவை. ஆகவே நூலகம், கார், தட்டச்சுப்பொறி, கடைசியில் வளர்த்த பூனைகூட யூதர் என்பதால் பறிபோனது, நடந்த வரிசையிலேயே பதிவாகியிருக்கிறது. அச்சில் வந்ததோ 1995இல்தான். இத்தகைய நூலை, பக்கத்தில் ஒரு காலவரிசைப் பட்டியலை வைத்துக்கொண்டு, தேதி தவறாமல் படியுங்கள். நடுவிலிருந்து புரட்டினால், நெருக்கடி சிறிது சிறிதாக இறுகுவது கண்ணில் படாது.

அடுத்து, பதிப்பைப் பாருங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சோவியத் உழைப்பு முகாமில் தானே கைதியாக இருந்த சோல்செனிட்சின், அந்த அனுபவத்தை வைத்து எழுதிய 'இவான் டெனிசோவிச்' 1962இல் சோவியத் இதழில் வந்தபோது தணிக்கைக்காக மாற்றப்பட்டிருந்தது. நாஜிகளிடமிருந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் 1944இல் வானொலி அறிவிப்பு ஒன்றைக் கேட்டபின், பிரசுரத்தை மனதில் வைத்துத் தன் நாட்குறிப்பைத் தானே திருத்தி எழுதத் தொடங்கினார். 1947இல் வெளியானது அவருடைய தந்தை தொகுத்த வடிவம். உங்கள் கையில் இருப்பது முழுமையானதா, சுருக்கமா என்று பதிப்புரிமைப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள்.

வாசிக்கும்போது நான்கு விஷயங்களைக் குறியுங்கள்: உணவு, காலணி, செய்த வேலை, கைகொடுத்தவர். ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமில் பிழைத்த இத்தாலிய யூதர் பிரீமோ லெவி அதைப் பற்றி எழுதிய நூலை இப்படிப் படித்தால், அவர் பிழைத்ததில் தற்செயலின் பங்கு எவ்வளவு பெரிது என்பது துலங்கும்: வேதியியல் படிப்பால் ஆய்வுக்கூடத்தில் கிடைத்த வேலை, ரொட்டி கொண்டுவந்து கொடுத்த ஒரு கட்டடத் தொழிலாளி, முகாமைக் காலிசெய்த 1945 ஜனவரியில், அவரை நோயாளிக் கொட்டகையிலேயே நிறுத்திவைத்த காய்ச்சல். இவை கிடைக்காதவர்கள் நூல் எழுதவில்லை. பிழைத்தவரின் மனவுறுதியே எல்லாம் என்று படித்தால் இறந்தவர்களுக்கு அநியாயம் செய்கிறோம்.

ஆர்வெலின் '1984' போன்ற புனைவைச் சாட்சியமாகக் கொள்ளாதீர்கள். அத்தகைய ஆட்சியின் தர்க்கத்தை விளக்குவதில் அது வலிமையானது. ஆனால் ரேஷன் ரொட்டியின் எடையும் வரிசையில் நின்ற மணிநேரமும் நேரில் பட்டவர்களின் பக்கங்களில்தான் கிடைக்கும்.

ஒரே மூச்சில் படிக்காதீர்கள், நாளுக்கு முப்பது பக்கம் போதும். மரணங்கள் வெறும் எண்ணிக்கையாகத் தோன்றத் தொடங்கினால் மனம் மரத்துவிட்டது என்று பொருள்; சில நாள் நிறுத்திவிட்டு, விட்ட இடத்துக்கு இரண்டு பக்கம் முன்னாலிருந்து தொடருங்கள்.