பழைய சிஎன்சி மில்லைப் புது மென்பொருளோடு இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய சிஎன்சி மில்லை (கம்ப்யூட்டர் கட்டளைப்படி வெட்டும் மில்லிங் மெஷினை) வாங்கி இறக்கி வைத்ததுமே, "இந்தக் கன்ட்ரோலரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டிவிடலாமா?" என்ற பேச்சு கிளம்பும். கொஞ்சம் பொறுங்கள். 1980களின் கடைசியிலும் 90களிலும் வந்த ஃபானுக் மாதிரியான கன்ட்ரோலர்கள் கல்லுக்குண்டு போல உழைப்பவை. கம்ப்யூட்டரிலிருந்து ப்ரோக்ராம் போய்ச் சேரவில்லை என்றால், பெரும்பாலும் கேபிளிலோ செட்டிங்கிலோ போஸ்ட் ப்ராசஸரிலோதான் (டூல் போகும் பாதையைக் கன்ட்ரோலருக்குப் புரியும் வரிகளாக மாற்றும் பகுதி) கோளாறு இருக்கும். இங்கே ஃபானுக் 0 வரிசையை வைத்தே சொல்கிறேன். மற்ற கன்ட்ரோலர்களில் எண்கள் மாறும், தவறுகள் ஏறக்குறைய இவைதான்.

திருத்தவே முடியாமல் போகக்கூடிய தவறு பேட்டரியில் நடப்பது. பேக்லாஷ் (ஸ்க்ரூவின் தளர்ச்சி), ஸ்க்ரூ பிட்ச் திருத்தம், ஹோம் பொசிஷன், வாங்கிய ஆப்ஷன்கள் என்று மெஷினின் ஜாதகம் முழுக்கப் பேட்டரி தயவில் நிற்கும் மெமரியில் இருக்கிறது. மெயினை ஆஃப் செய்துவிட்டுப் பழைய பேட்டரியைக் கழற்றினால் அத்தனையும் போய்விடும். கன்ட்ரோலர் ஆனில் இருக்கும்போதுதான் மாற்ற வேண்டும். பேட்டரிப் பெட்டி பேனலுக்குள் இருந்தால் பக்கத்திலேயே மெயின் கரன்ட் ஓடும் என்பதை மறக்காதீர்கள், பழகியவர் கையில் கொடுங்கள்.

அதற்கும் முன்னால், இந்த மதிப்புகளைக் காட்டும் பாராமீட்டர் திரைகளை ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுத்துவிடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் அதற்குக் கேபிளோ மென்பொருளோ எதுவும் தேவையில்லை. பலர் அச்சுகளுக்கான பாராமீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு, பிஎம்சி (டூல் சேஞ்சர் போன்ற துணை வேலைகளைக் கவனிக்கும் பகுதி) பக்கத்தில் இருக்கும் டைமர், கவுன்டர், கீப் ரிலே மதிப்புகளை விட்டுவிடுகிறார்கள். அவை அழிந்தால் மெஷின் ஓடும், ஆனால் டூல் சேஞ்சர் பாதியிலேயே நின்றுவிடும். காரணம் லேசில் பிடிபடாது.

அடுத்தது கம்ப்யூட்டரையும் மெஷினையும் இணைக்கும் சீரியல் கேபிள். கம்ப்யூட்டர் பக்கம் 9 பின், மெஷின் பக்கம் 25 பின். இரண்டிலும் 2, 3 எண்களின் வேலை நேர்மாறானது. 25 பின் கனெக்டரில் 2 அனுப்பும், 9 பின் கனெக்டரில் 2 வாங்கும். அதனால் 2-ஐ 2-க்கும், 3-ஐ 3-க்கும் கொடுத்தாலே கிராஸ் ஆகிவிடும். "கிராஸ் பண்ணணும்" என்று எங்கோ கேட்டதை நம்பி வயரை மாற்றிக் கொடுத்தால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று கேட்காது. கிரவுண்ட், 9 பின்னில் 5-லிருந்து 25 பின்னில் 7-க்கு. மெஷின் பக்கம் 4-ஐயும் 5-ஐயும் சேர்த்து ஒரு ஜம்பர் (சிறு இணைப்பு வயர்), 6, 8, 20 மூன்றையும் சேர்த்து இன்னொன்று. அவ்வளவே போதும்.

கடையில் கிடைக்கும், 25 வயரும் நேராக ஓடும் ரெடிமேட் கேபிளை மட்டும் மாட்டாதீர்கள். ஃபானுக்கில் ரீடர் பஞ்ச் எனப்படும் அந்த 25 பின் கனெக்டரில் 25-ஆவது பின்னில் 24 வோல்ட் வருகிறது. அந்தக் காலத்து டேப் ரீடருக்காக வைத்தது. அது கம்ப்யூட்டர் போர்ட்டுக்குள் போனால் போர்ட் புகைந்துவிடும். கேபிளை மாட்டும்போதும் கழற்றும்போதும் இரண்டு பக்கமும் ஆஃபில் இருக்கட்டும்.

கேபிள் தயாரானதும் ப்ரோக்ராமை மெஷினுக்கு அனுப்பிப் பார்க்கத்தான் கை துடிக்கும். முதலில் மெஷினிலிருந்து பாராமீட்டரைக் கம்ப்யூட்டருக்கு இழுங்கள். கேபிளையும் சோதித்த மாதிரி இருக்கும், பேக்அப்பும் கையில் வந்துவிடும். இரு பக்கமும் பாட் ரேட் (தகவல் போகும் வேகம்) ஒன்றாக இருக்க வேண்டும். வழக்கமான செட்டிங் 7 டேட்டா பிட், ஈவன் பாரிட்டி (பிழை பார்க்கும் ஒரு பிட்), 2 ஸ்டாப் பிட். புது மென்பொருள்கள் 8 பிட், பாரிட்டி இல்லாமல் திறப்பதால் வாங்கிய ஃபைலில் கண்ட கண்ட எழுத்தாக வரும். அனுப்பும்போது வரும் அலாரம் எண்ணையும் கவனியுங்கள். 085 என்றால் பாட் ரேட், பாரிட்டியைப் பாருங்கள். 086 என்றால் ஜம்பரையோ கேபிளையோ சந்தேகப்படுங்கள். 087 என்றால் மெஷின் "நிறுத்து" என்று சொல்லியும் கம்ப்யூட்டர் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மலிவான யுஎஸ்பி கன்வர்ட்டர்களில் இது சகஜம். எக்ஸ்ஆன் எக்ஸ்ஆஃப் ஹேண்ட்ஷேக்கை ("அனுப்பு", "நிறுத்து" என்று சொல்லிக்கொள்ளும் முறை) ஆன் செய்து, கன்வர்ட்டரின் அனுப்பும் பஃபரைக் குறைத்துப் பாருங்கள்.

சரி, ப்ரோக்ராம் உள்ளே போய்விட்டது. ஆபத்தே இனிமேல்தான். இன்றைய கேம் (CAM, டிசைனிலிருந்து டூல் பாதை போடும்) மென்பொருளோடு வரும் பொதுவான போஸ்ட் ப்ராசஸரை அப்படியே நம்பக் கூடாது. எக்ஸ்50 என்று புள்ளி இல்லாமல் வந்தால், பழைய கன்ட்ரோலர் பல நேரம் அதை 50 மைக்ரானாக, அதாவது 0.05 மில்லிமீட்டராக எடுத்துக்கொள்ளும். எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி இருந்தால்தான் 50 மில்லிமீட்டர். இசட்டை மேலே தூக்கும் வரியில் இப்படி நடந்தால், டூல் மேலே போய்விட்டது என்று நினைத்து அடுத்த வரி ரேபிட்டில் (முழு வேகத்தில்) குறுக்கே பாயும், ஜாப்பைப் பிடித்திருக்கும் வைஸில் மோதும். எக்ஸ், ஒய், இசட் மாதிரியான தூரம் சொல்லும் எண்களுக்கெல்லாம் புள்ளி வைக்கும்படி போஸ்டை மாற்றிவிடுங்கள். சிறிய எழுத்துகள், நீளமான ப்ரோக்ராம் பெயர், அந்தக் கன்ட்ரோலருக்குத் தெரியாத புது ஜி கோடுகள் (மெஷினுக்கான கட்டளைகள்) ஆகியவற்றையும் எடுத்துவிடுங்கள். ஓ எழுத்தும் நான்கு இலக்கமும்தான் பெயர், முதலிலும் கடைசியிலும் சதவீதக் குறி. முதல் ஓட்டம் காற்றில், சிங்கிள் பிளாக்கில் (ஒவ்வொரு வரியாக).

மெமரி பற்றாமல் டிஎன்சியில் (கம்ப்யூட்டரிலிருந்து வரிகளை அனுப்பிக்கொண்டே) ஓட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 9600 பாட் ரேட்டில் மேலே சொன்ன செட்டிங் வைத்தால் ஒரு எழுத்துக்கு 11 பிட் ஆகும், ஆக நொடிக்குச் சுமார் 870 எழுத்து. ஒரு வரிக்கு 20 எழுத்து என்றால் 43 வரி. ஒவ்வொரு வரியும் 0.1 மில்லிமீட்டர் மட்டுமே நகர்த்தினால், நிமிடத்துக்கு 260 மில்லிமீட்டருக்கு மேல் ஃபீட் (டூல் நகரும் வேகம்) கிடைக்கவே கிடைக்காது. நீங்கள் 1500 போட்டிருந்தாலும் மெஷின் விட்டு விட்டு நகரும், ஜாப் முகத்தில் கோடு விழும். இதைப் பார்த்து சர்வோவில் கோளாறு என்று போர்டைக் கழற்றுகிறவர்கள் உண்டு. கேம் மென்பொருளில் ஸ்மூத்திங்கையும் ஆர்க் ஃபிட்டிங்கையும் (பல சிறு நேர்கோடுகளை ஒரே வளைவாக்குவது) ஆன் செய்தால் வரிகள் வெகுவாகக் குறைந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் கன்ட்ரோலர் போர்டு உண்மையிலேயே செத்துப்போயிருந்தால் லினக்ஸ்சிஎன்சி (கம்ப்யூட்டரையே கன்ட்ரோலராக்கும் மென்பொருள்) மாதிரியான மாற்று நல்ல வழிதான். ஆனால் உங்கள் சர்வோ டிரைவ் எந்தக் கட்டளையை எதிர்பார்க்கிறது என்று பார்க்காமல் போர்டு வாங்காதீர்கள். அந்தக் காலத்து டிரைவ்கள் பல, கூட்டல் கழித்தல் 10 வோல்ட் அனலாக் சிக்னலைக் கேட்பவை. ஸ்டெப், டைரக்ஷன் பல்ஸ் மட்டும் தரும் போர்டு அங்கே உதவாது. யுஎஸ்பியிலிருந்து பேரலல் போர்ட் தரும் பிரின்டர் கேபிளும் பல்ஸ் அனுப்ப ஆகாது. எமர்ஜென்சி ஸ்டாப்பை மென்பொருள் வழியாக மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பட்டனை அமுக்கினால், கம்ப்யூட்டர் தொங்கிப்போய் நின்றாலும், கான்டாக்டர் (பவரைத் துண்டிக்கும் மின்காந்த சுவிட்ச்) விடுபட்டு டிரைவுக்குப் போகும் பவர் அறுபட வேண்டும். முதல் தடவை அச்சுகளை நகர்த்துவதற்கு முன்பே இதை அமுக்கிப் பார்த்துவிடுங்கள்.