தெரிந்ததையே பேசும் பாத்திரங்களை எப்படித் திருத்துவது?

கதை பெரும்பாலும் வசனத்தில்தான் முதலில் பல்லிளிக்கும். "அண்ணா, அப்பா செத்து அஞ்சு வருஷமாச்சு, நீதானே என்னைப் படிக்க வைக்கிறே" என்று தங்கை சொல்கிறாள். அண்ணனுக்கு அது தெரியாதா என்ன? வாசகனுக்குச் சொல்ல வேண்டியதை எழுத்தாளர் அண்ணன் காதில் ஓதுகிறார். அதை அடித்துவிடுங்கள். அவள் காலேஜ் ஃபீஸ் சீட்டை நீட்டுகிறாள், அவன் தொகையை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அம்மாவின் வளையலை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்குக் கிளம்புகிறான் என்று எழுதிப் பாருங்கள், வீட்டு நிலைமை தானாகப் புரிந்துவிடும்.

அப்புறம், பெயர்களை மறைத்துவிட்டு வசனத்தை மட்டும் சத்தமாக வாசியுங்கள். யார் பேசுகிறார் என்று பிடிபடவில்லையென்றால் திருத்த வேலை பாக்கியிருக்கிறது. அதற்காக வரிக்கு வரி 'ஏலே' போட்டால் நெல்லைத் தமிழ் ஆகிவிடாது (சினிமா பழக்கிவிட்ட கெட்ட பழக்கம்). "என்றான் கோபமாக", "என்றாள் சோகமாக" எல்லாவற்றையும் தயங்காமல் தூக்குங்கள்.

தகவலையும் சரிபார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியைத் தடை செய்தாயிற்று. 2015-இல் நடக்கும் கதையில் திருச்சி ஹீரோ தெருமுனைப் பெட்டிக்கடையில் சாவகாசமாகப் பரிசுச்சீட்டு வாங்கினால், விவரம் தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.