கப்ஹெட்: காய்கறி மூவரை வீழ்த்துவது எப்படி?

2017இல் வந்த கப்ஹெட் வீடியோ கேமில் என்னை முதலில் அவமானப்படுத்தியது ஓர் உருளைக்கிழங்குதான். ஒரு முயற்சிக்கு மூன்றே உயிர், மூன்று அடி விழுந்தால் முதலிலிருந்து ஆட வேண்டும். அப்படி ஒன்பது தடவை செத்தேன்.

அது வலப்பக்கம் உட்கார்ந்துகொண்டு மண்ணுருண்டைகளைத் துப்பும். மூன்று உருண்டை, நான்காவதாக ஒரு இளஞ்சிவப்புப் புழு. இதுதான் நமக்கு லாபம். புழுவை நோக்கிக் குதித்து, அதைத் தொடும் நேரத்தில் ஜம்ப் பட்டனை இன்னொரு முறை தட்டுங்கள். அடி விழாது, சிறப்புத் தாக்குதலுக்கான சூப்பர் மீட்டரும் ஏறும். நான் பதறிப்போய் முன்கூட்டியே தட்டித்தான் செத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ‘ஒன்று, இரண்டு, மூன்று, புழு’ என்று வாய்விட்டு எண்ண ஆரம்பித்தேன், பழகிவிட்டது. துப்பும் வேகம் சுற்றுக்குச் சுற்று கூடும், எண்ணிக்கை மாறாது. சுடும் பட்டனிலிருந்து மட்டும் விரலை எடுக்கவே வேண்டாம்.

அடுத்து வெங்காயம். நாம் உரித்தால் நாம் அழுவோம், இங்கே அதுவே அழுகிறது. மேலிருந்து விழும் கண்ணீர்த் துளிகளுக்கு நடுவே இடைவெளி பார்த்து நில்லுங்கள், போதும்.

கடைசியில் கேரட். நெற்றிக்கண்ணைத் திறந்து நீங்கள் நிற்கும் இடத்தைக் குறிவைத்து வளையங்களை விடும். விட்டதும் நகர்ந்துவிடுங்கள். துரத்தி வரும் குட்டிக் கேரட்டுகளைச் சுட்டே தள்ளலாம்.