காபித்தூளுக்கு ஒரு ஒயின் வித்தை

ஒயின் பாட்டிலில் 90 பாயின்ட், 92 பாயின்ட் என்று ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிரபலமான அந்த 100 மதிப்பெண் முறை 50-இல்தான் தொடங்கும், அதனால் 80 என்றதும் நம்ம பரீட்சை மார்க் மாதிரி நினைத்து ஏமாந்துவிடாதீர்கள்.

நல்ல ஒயின் வழிகாட்டி நூல்களுக்காக ருசிப்பவர்கள் மதிப்பெண் போடும் விதம்தான் விஷயம். பாட்டிலைப் பையில் மறைத்து, ஒரே ரக ஒயின்களை வரிசையாக வைத்து, நிறம் பார்த்து, முகர்ந்து, வாயில் சுழற்றித் துப்பிவிடுவார்கள். விழுங்கினால் பத்தாவது கிளாஸில் எல்லாமே அமிர்தம்தானே! 1976-இல் பாரிஸில் இப்படி மறைத்து ருசித்தபோதுதான் பிரெஞ்சு நடுவர்களே கலிஃபோர்னியா ஒயினுக்கு முதலிடம் கொடுத்தார்கள்.

சரி, கும்பகோணத்துக்காரர்களுக்கு இது எதற்கு? காபித்தூள் வாங்கத்தான். மூன்று கடைத் தூள் வாங்குங்கள், சிக்கரி அளவு மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும், ஒரே அளவு தூள், ஒரே அளவு வெந்நீர் என்று டிகாஷன் இறக்கி, டம்ளர் அடியில் எண் ஒட்டி, எது எந்தக் கடை என்று கலக்கிய ஒருவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பால், சர்க்கரை இல்லாமல் ஒரு வாய், அப்புறம் பாலோடு. நடுவில் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். மார்க்கைச் சீட்டில் எழுதுங்கள், வாய்விட்டுச் சொல்லக்கூடாது, மாமனார் "பேஷ்" என்றால் வீடே அதற்குத்தான் ஓட்டுப் போடும்.

எங்கள் வீட்டில் இருபது வருடமாக வரிசையில் நின்று வாங்கிய தூள் மூன்றாம் இடம்.